பொங்கல் பானைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் படம்!

ஜனவரி 15. தேனி மாவட்டம் பாலார்பட்டியில் தெருவை அடைத்துப் பொங்கல் பானைகள் வரிசை கட்டி நிற்கும். பால் பொங்கி வரும்போது குலவைச் சத்தம் கேட்கும். தேவராட்டம் ஆடியபடி ஓர் ஊர்வலம் வரும். ஊர்வலத்தின் நடுவே மாலை போட்ட ஒரு படம். அதில் இருப்பது அய்யனாரோ கருப்பசாமியோ அல்ல. மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர்.

அவர்தான் கர்னல் ஜான் பென்னி குயிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர். 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தவர். பிறந்தநாளும் பொங்கலும் ஒட்டி வந்தது தற்செயல்தான். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் அதைத் தற்செயலாக நினைப்பதில்லை. தண்ணீர் கொடுத்தவர் தையில் பிறக்காமல் வேறு எப்போது பிறப்பார் என்பது அவர்கள் கணக்கு.

இந்தப் பக்கத்தில் வீட்டுச் சுவரிலும் டீக்கடையிலும் சாமி படங்களோடு அவர் படமும் மாட்டியிருக்கும். தேனி புதிய பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர்தான். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்த குடும்பங்களும் உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதுதானே நம் ஊர் வழக்கம்? அப்படியானால் இவர்கள் அவருக்கு என்ன முறை?

மேற்கே போன ஆறு

பெரியாறு சிவகிரி மலைப் பகுதியில் பிறந்து மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கிற ஆறு. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். இந்தப் பக்கம் வைகை வறண்டு கிடக்கும். அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பினால் என்ன என்ற யோசனை வெள்ளைக்காரருக்கு முன்பே நம்மவருக்கு வந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதை ஆராய்ந்தார். செலவு கட்டுப்படியாகாமல் அது அப்படியே நின்றது. அதன்பின் ஆங்கிலேய அதிகாரிகள் பலர் மலையேறி வந்து பார்த்தார்கள். 1850இல் தொடங்கிய வேலையும் காய்ச்சலுக்குப் பயந்து பாதியில் நின்றுபோனது.

பிறகு வந்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவையே சுடுகாடாக்கிய பஞ்சம் அது. கஞ்சித்தொட்டிக் கதைகளைப் பாட்டிமார் இன்றும் சொல்லும் அளவுக்கு அந்த வடு ஆழமானது. கிடப்பில் இருந்த பெரியாறு திட்டம் அதற்குப் பிறகுதான் மறுபடி மேசைக்கு வந்தது. அதை நடத்திக் காட்டும் பொறுப்பு பென்னி குயிக்கிடம் வந்தது.

1886இல் சென்னை மாகாண அரசும் திருவிதாங்கூர் சமஸ்தானமும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் போட்டன. 1887இல் வேலை தொடங்கியது. சாலை இல்லாத காடு, யானைகள், மலேரியா, மாதக்கணக்கில் விடாத மழை. ஆற்றை மறித்துக் கட்டிய தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டினார்கள். திரும்பவும் போனது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்த்து 155 அடி உயரத்துக்கு அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் மேல் சுரங்கம் வெட்டினார்கள். 1895 அக்டோபரில் மேற்கே போன தண்ணீர் கிழக்கே திரும்பியது.

அன்று திரும்பிய தண்ணீர்தான் இன்றும் லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு, முல்லையாறாக ஓடி வைகையில் சேர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் இதை நம்பி இருக்கிறது. வைகை அணையைத் தாண்டி மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை இந்தத் தண்ணீர் போகிறது.

சொத்தை விற்றாரா?

வேலை நின்றபோது இங்கிலாந்தில் இருந்த சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அவர் அணையைக் கட்டினார் என்பது இந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கதை. அணை அரசாங்கப் பணத்தில் கட்டப்பட்டது என்பதுதான் பதிவு. நகை விற்ற கதை வாய்மொழியாக வளர்ந்தது.

ஆனால் அந்தக் கதை ஏன் பிறந்தது என்பதை யோசிக்கலாம். நம் ஊரில் பெரியவர்களைப் பற்றிச் சொல்லும்போது, "காட்டை வித்துப் படிக்க வெச்சார்", "நகையை அடகு வெச்சுக் கிணறு வெட்டினார்" என்றுதான் சொல்வோம். சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்த்த அதிகாரிக்கு இந்தக் கதை பொருந்தாது. பாட்டனுக்குப் பொருந்தும். அவரைப் பாட்டனாக்கிக்கொண்ட மக்கள், பாட்டனுக்கு உரிய கதையையும் அவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வாரிசு யார்?

2002இல் பென்னி குயிக்கின் கொள்ளுப்பேரன் மதுரைக்கு வந்தபோது அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். இன்னொரு நாட்டில் தன் முன்னோருக்கு இத்தனை பேர் உரிமை கொண்டாடுவதைப் பார்க்கும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பென்னி குயிக்கே இந்த மண்ணில் பிறந்து, இங்கே உறவுகளைப் பறிகொடுத்தவர்தான். அவருக்கு எட்டு வயது நிரம்பும் முன்பே, 1849 ஜனவரியில் பஞ்சாபின் சிலியன்வாலா போரில் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் இறந்தார்கள். படித்ததெல்லாம் இங்கிலாந்தில். பிறகு பொறியாளராக இந்தியாவுக்கே திரும்பினார். 1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தின் கேம்பர்லியில் காலமானார். பக்கத்து ஊரான ஃபிரிம்லியில், புனித பீட்டர் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஊருக்குள்ளே அவர் நினைவு அழியாமல் இருந்தது. 2013 ஜனவரி 15 அன்று, லோயர் கேம்ப்பில் தமிழக அரசு கட்டிய மணிமண்டபத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா திறந்து வைத்தார். இங்கிலாந்தில் இருக்கும் அவரது கல்லறையைத் தேடிப் போய் மாலை வைத்தவர்களில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பிழைப்புக்காக அங்கே போனவர்களும் உண்டு. 2022 செப்டம்பரில் கேம்பர்லியிலேயே தமிழக அரசின் சார்பில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. அங்கிருந்து ஒருவர் இங்கே வந்து அணை கட்டினார். நூறு வருடம் கழித்து இங்கிருந்து போனவர்கள் அங்கே அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்ப உதவினார்கள். கொடுக்கல் வாங்கல் நேராகிவிட்டது என்று சொல்லலாமா?

பெயர் இல்லாதவர்கள்

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

அணையைப் பென்னி குயிக் ஒருவரே கட்டவில்லை. மெட்ராஸ் பயனியர்ஸ் படையினர் கட்டினார்கள். கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியத் தச்சர்கள் கட்டினார்கள். கூலிக்காகச் சமவெளியிலிருந்து மலையேறிய ஆயிரக்கணக்கானோர் கல் சுமந்தார்கள், சுண்ணாம்பு குழைத்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே நோயில் மட்டும் இறந்தவர்கள் 483 பேர் என்பது பதிவு. அணைக்கு வடக்கே ஓர் இடுகாட்டில் அவர்களைப் புதைத்தார்கள். வெள்ளத்திலும் விபத்திலும் போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

திட்டத்தில் வேலை பார்த்த பொறியாளர் மெக்கன்சி 1899இல் பெரியாறு திட்டத்தின் வரலாற்றை ஒரு புத்தகமாகவே எழுதினார். அணையின் அளவு, செலவு, கலவை எல்லாம் அதில் இருக்கிறது. கூலிக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிச் சொல்ல அவர்கள் வீட்டில் ஒரு வரி எழுதி வைத்தவர் இல்லை. அவர்கள் போன பிறகு கைக்குழந்தையோடு நின்ற பெண்களுக்கு என்ன ஆனது என்பதும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இன்று அந்த இடுகாட்டுக்கு நினைத்த நேரத்தில் போய்விட முடியாது. அணைப் பகுதி காட்டுக்குள், கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆனால் போக முடியாத இடத்தில் இருப்பவர்களுக்கும் நம் வழக்கத்தில் வழி இருக்கிறது. எங்கே இறந்தார் என்று தெரியாத முன்னோருக்கும் அமாவாசையில் தண்ணீர் விடுகிறோம். பெயர் மறந்த பாட்டிக்கும் குலசாமி கோயிலில் ஒரு படையல் உண்டு.

கம்பம் பள்ளத்தாக்கில் இன்று பொங்கல் வைக்கும் குடும்பங்களில், யாருடைய கொள்ளுத் தாத்தா அந்த 483 பேரில் ஒருவர் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே அவர்கள் எல்லோருக்கும் பொது. பென்னி குயிக்குக்குப் படையல் போடும் இலைக்குப் பக்கத்தில் இன்னோர் இலை போட்டால் போதும். அந்த வெள்ளைக்காரரே அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். அவர்கள் கூடத்தானே அவர் எட்டு வருடம் மழையில் நனைந்தார்?

தேனியிலிருந்து குமுளி போகிறவர்கள் கம்பம், கூடலூர் தாண்டியதும் லோயர் கேம்ப்பில் ஒரு பத்து நிமிடம் இறங்கலாம். மணிமண்டபத்தில் கர்னலைப் பார்த்துவிட்டு, திரும்பி மலையைப் பாருங்கள். ராட்சதக் குழாய்கள் மேலிருந்து இறங்கி வரும். அதற்குள் ஓடும் தண்ணீர், பெயர் தெரியாத அந்த மனிதர்கள் படுத்திருக்கும் காட்டிலிருந்துதான் வருகிறது. குழந்தைகள் கூட வந்தால் அவர்களுக்கு இரண்டு கதைகளையும் சேர்த்தே சொல்லுங்கள்.