நேதாஜி ஏறிய புகைக் கப்பல்

1943 பிப்ரவரி 9 அன்று ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் சுபாஷ் சந்திர போஸ் ஏறிய நீர்மூழ்கியின் பெயர் யு-180. அவருடைய பயணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. கப்பலைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இத்தனைக்கும் அது, ஜெர்மன் கடற்படை வலியப் போய் விலைக்கு வாங்கிய ஒரு வம்பு.

பிரேமன் நகரின் ஏஜி வேசர் தளத்தில் கட்டப்பட்டு, 1942 மே மாதம் பணியில் சேர்ந்தது யு-180. வகை 9டி1. நீளம் 87 மீட்டருக்கும் மேல். அட்லாண்டிக்கில் வேட்டையாடிய வழக்கமான 9சி வகையைவிடப் பத்து மீட்டருக்கு மேல் கூடுதல். முன்னால் நான்கு, பின்னால் இரண்டு டார்பிடோ குழாய்கள். இதுவரை புதுமை ஏதுமில்லை. வம்பு என்ஜின் அறையில் இருந்தது.

அந்தக் காலத்து நீர்மூழ்கி, பெயருக்குத்தான் நீர்மூழ்கி. பெரும்பாலான நேரம் நீர்மட்டத்தில் டீசலில் ஓடும்; ஆபத்து வந்தால் மூழ்கி, பேட்டரியில் ஊர்ந்து போகும். எனவே மேலே ஓடும் வேகம்தான் முக்கியம். அதைக் கூட்ட வடிவமைப்பாளர்கள் டெய்ம்லர்-பென்ஸ் தயாரித்த 20 சிலிண்டர் என்ஜின்கள் ஆறைப் பொருத்தினார்கள். மொத்தம் 9,000 குதிரைத்திறன். வேகம் ஏறத்தாழ 21 நாட். ஆனால் அவை விரைவு டார்பிடோ படகுகளுக்காகச் செய்யப்பட்ட என்ஜின்கள். அந்தப் படகுகள் இருட்டில் சீறிப் பாய்ந்து, அடித்துவிட்டுக் கரை திரும்பிவிடும். நீர்மூழ்கியோ மாதக்கணக்கில் ஓட வேண்டும். பந்தயக் குதிரையைப் பார வண்டியில் பூட்டிய கதைதான். என்ஜின்கள் கொதித்தன, என்ஜின் அறையில் நிற்க முடியாத அனல். அதைவிட மோசம், புகை. ஒளிந்து போவதற்கென்றே கட்டப்பட்ட கப்பல், வானத்தில் புகைக்கோடு இழுத்துக்கொண்டு போனது. அந்த நேரத்தில் பெர்லின் வைத்திருந்த மிக ரகசியமான பயணிகளில் ஒருவரை இதில்தான் அனுப்பினார்கள்!

கப்பலின் தலைவர் வெர்னர் மூசன்பெர்க். போஸுடன் போனவர் ஆபித் ஹசன். ரொட்டி, போர்வை என எதைத் தொட்டாலும் டீசல் வாடை என்று ஹசன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த நாற்றத்துக்கு நடுவிலும் போஸ் தன் நூலைத் திருத்தியபடி, தான் சொல்லச் சொல்ல ஹசனை எழுத வைத்துக்கொண்டிருந்தார்.

பயணியைப் பத்திரமாகச் சேர்ப்பதுதான் வேலை என்றாலும், ஏப்ரல் 18 அன்று தென்னாப்பிரிக்கக் கடலில் கார்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை யு-180 மூழ்கடித்தது. எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது. இப்படியொரு பயணியை வைத்துக்கொண்டு, தான் இருக்குமிடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுப்பார்களா? டார்பிடோவோடு போகும் கப்பலிடம் பொறுமையை எதிர்பார்ப்பது என் தவறாக இருக்கலாம்.

ஏப்ரல் கடைசி வாரத்தில், மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே, பினாங்கிலிருந்து வந்த ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 எதிர்ப்பட்டது. கடல் கொந்தளித்தது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் காத்துக் கிடந்தன. கடைசியில் ஒரு ரப்பர் படகில், முழுக்க நனைந்தபடி, போஸும் ஹசனும் ஜப்பானியக் கப்பலுக்கு மாறினார்கள். பதிலுக்கு இரண்டு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளும், இரண்டு டன் தங்கமும், ஜப்பானிய டார்பிடோக்களும் யு-180க்கு வந்தன. எடையை வைத்துப் பார்த்தால் ஜெர்மானியருக்குத்தான் லாபம்.

திரும்பும் வழியில், ஜூன் 3 அன்று, போரிஸ் என்ற கிரேக்கச் சரக்குக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டு, ஜூலைத் தொடக்கத்தில் பிரான்ஸின் போர்தோ துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் மொத்த வேட்டைக் கணக்கே இந்த இரண்டுதான்.

அதற்குப் பிறகு கடற்படை பொறுமை இழந்தது. ஆறு என்ஜின்களையும் கழற்றிவிட்டு, சக்தி குறைந்த, ஆனால் நம்பகமான வழக்கமான டீசல்களைப் பொருத்தினார்கள். டார்பிடோ குழாய்களும் போயின. வேகத்துக்காகப் பிறந்த கப்பல், சுமார் 250 டன் சரக்கு ஏற்றும் மெதுவான சுமைக் கப்பலானது. 1944 ஆகஸ்டில் தூரகிழக்கை நோக்கிப் போர்தோவை விட்டுக் கிளம்பி, சில நாட்களிலேயே பிஸ்கே வளைகுடாவில் 56 பேருடன் காணாமல் போனது. கண்ணிவெடி என்பது ஒரு கட்சி. மூழ்கியபடியே காற்று இழுக்கும் ஸ்நார்க்கெல் குழாயில் கோளாறு என்பது இன்னொரு கட்சி.

9டி1 வகையில் கட்டப்பட்டவை இரண்டே இரண்டு. மற்றது யு-195. அதற்கும் இதே மாற்றங்களைச் செய்து, அதே ஆகஸ்டில் அனுப்பினார்கள். அது பத்திரமாக ஜாவா போய்ச் சேர்ந்தது. 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்ததும் ஜப்பானியர்கள் அதை எடுத்துக்கொண்டு, ஐ-506 என்று புது எண் கொடுத்தார்கள்.