எல்லை தாண்டும் பாதை: திட்டமிடுவது யார்? செலவை ஏற்பது யார்?

மாசாயில் விடியற்காலை நான்கு மணிக்கே பல வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் வேலை செய்யும் தந்தையோ தாயோ புறப்பட்டாக வேண்டும். பாசீர் கூடாங் நெடுஞ்சாலை வழியாக ஜொகூர் பாருவுக்குச் சென்று, சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தில் மலேசியக் குடிநுழைவுச் சோதனையை முடித்து, கடற்பாலத்தைக் கடந்து, உட்லண்ட்ஸில் மீண்டும் ஒரு சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். நாள்தோறும் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இப்படி எல்லையைக் கடக்கின்றனர். உலகில் மிகவும் நெரிசலான நில எல்லைகளுள் இதுவும் ஒன்று.

சாலை நெரிசல் என்றால் சாலையை அகலப்படுத்தலாமே, புதிய இரயில் பாதை போடலாமே என்று நமக்குத் தோன்றும். ஒரே நாட்டுக்குள் என்றால் அந்நாட்டு அரசாங்கமே முடிவெடுத்து, வரவுசெலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கிப் பணியைத் தொடங்கிவிடும். பாதை எல்லையைத் தாண்டும்போது நிலைமை மாறுகிறது. இரண்டு அரசாங்கங்கள், இரண்டு நாணயங்கள், இரண்டு வகைச் சட்டங்கள். பாதை எங்கே தொடங்கி எங்கே முடிவது? எவ்வகை இரயில் ஓடுவது? யார் எவ்வளவு செலவிடுவது? இலாபமோ நட்டமோ வந்தால் யாருக்கு? இக்கேள்விகள் அனைத்திற்கும் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் விடை கிடைத்த பிறகே வேலை தொடங்க முடியும். இதனையே வட்டார ஒத்துழைப்பு என்கிறோம். நம் ஜொகூர் மாநிலத்திலேயே இதற்கு வெற்றியும் தோல்வியுமாகப் பல சான்றுகள் உள்ளன.

மூன்று அரசுகள் கட்டிய கடற்பாலம்

1909ஆம் ஆண்டில் ஜொகூர் மாநிலத்தின் ஊடாக இரயில் பாதை ஜொகூர் பாரு வரை போடப்பட்டது. நீரிணையின் அக்கரையில் சிங்கப்பூரின் இரயில் பாதை இருந்தது. இடையில் இருந்த கடலைப் பயணிகள் படகில் கடந்தனர். சரக்குப் பெட்டிகளையும் மிதவைப் படகுகளில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கொண்டு சென்றனர். ரப்பரும் ஈயமும் உலகச் சந்தையில் விலைபோன காலம் அது. சரக்கு பெருகப் பெருகப் படகுகளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஆகவே, நீரிணையின் குறுக்கே கல்லைக் கொட்டி அணை போன்ற ஒரு பாதை அமைக்க முடிவு செய்யப்பட்டது. அதற்கு ஏறத்தாழ 17 மில்லியன் வெள்ளி தேவைப்பட்டது. அக்காலத்தில் மலாயா ஒரே அரசின் கீழ் இல்லை. கூட்டு மலாய் மாநிலங்கள், ஜொகூர் சுல்தானகம், சிங்கப்பூரை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றப் பகுதி என மூன்று நிருவாகங்கள் இத்திட்டத்தில் பங்கேற்றன. மூன்றும் செலவைப் பகிர்ந்துகொண்டன. 1919ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. 1923ஆம் ஆண்டில் இரயில்கள் ஓடத் தொடங்கின. 1924 ஜூன் 28ஆம் நாள் கடற்பாலம் அதிகாரப்பூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமுடைய அந்தப் பாதைதான் இன்றும் நம் பெற்றோரைச் சுமக்கிறது. நூறாண்டுக்கு முன் திட்டமிட்ட பாதையில் இன்றைய கூட்டம் செல்வதுதான் நெரிசலுக்கு முதற்காரணம்.

அடுத்த இணைப்புக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. 1994ஆம் ஆண்டில் மலேசியாவும் சிங்கப்பூரும் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஜொகூரின் தஞ்சோங் கூப்பாங்கையும் சிங்கப்பூரின் துவாஸையும் இணைக்கும் 1.92 கிலோமீட்டர் நீளப் பாலத்தை அமைத்தன. இரண்டாம் இணைப்பு எனப்படும் அப்பாலம் 1998 ஜனவரியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. ஆயினும், அது மேற்குக் கரையில் இருப்பதால் மாசாய், பாசீர் கூடாங் போன்ற கிழக்குப் பகுதி மக்களுக்கு நெடுந்தூரம் சுற்ற வேண்டியுள்ளது.

நான்கு கிலோமீட்டருக்கு ஒரு நீண்ட பேச்சுவார்த்தை

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை செல்லும் ஆர்.டி.எஸ். இரயில் இணைப்பு நம் காலத்துச் சான்று. அதன் நீளம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர்தான். மாசாயிலிருந்து ஜொகூர் பாரு செல்லும் தூரத்தில் கால் பங்கு கூட இருக்காது. ஆனால், அத்திட்டம் பற்றி இரு நாட்டுத் தலைவர்கள் 2010ஆம் ஆண்டிலேயே அறிவித்தனர். ஒப்பந்தம் 2018 ஜனவரி 16ஆம் நாள்தான் கையெழுத்தானது.

அதே ஆண்டில் மலேசியாவில் ஆட்சி மாறியது. நாட்டின் கடன் சுமையைக் கருத்தில் கொண்டு பெரிய திட்டங்கள் மறுஆய்வு செய்யப்பட்டன. 2019 ஏப்ரலில் ஆர்.டி.எஸ். பணிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்த இடைநிறுத்தக் காலம் பலமுறை நீட்டிக்கப்பட்டது. இடையில், திட்டத்தை மலிவாக முடிக்கும் வழிகளை மலேசியா ஆராய்ந்தது. சிங்கப்பூரின் எம்.ஆர்.டி. வகை இரயிலுக்குப் பதிலாக எல்.ஆர்.டி. எனப்படும் இலகு இரயிலைப் பயன்படுத்துவது என்றும், இரயில்களை நிறுத்திப் பராமரிக்கும் பணிமனையைச் சிங்கப்பூரில் அல்லாமல் ஜொகூர் பாருவின் வாடி ஹானாவில் அமைப்பது என்றும் திட்டம் மாறியது. மலேசிய அரசு 2019ஆம் ஆண்டில் அறிவித்த மதிப்பீட்டின்படி, செலவு 4.93 பில்லியன் ரிங்கிட்டிலிருந்து 3.16 பில்லியன் ரிங்கிட்டாக, அதாவது 36 விழுக்காடு குறையும். மாற்றங்களைச் சிங்கப்பூர் ஏற்றுக்கொண்டது. இடைநிறுத்தக் காலம் முடிவதற்கு ஒரு நாள் முன்னதாக, 2020 ஜூலை 30ஆம் நாள், இரு நாட்டுப் பிரதமர்களும் கடற்பாலத்தின் நடுவிலேயே சந்தித்துத் திட்டம் தொடர்வதை உறுதிப்படுத்தினர்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். செலவு அதிகம் என்று ஒரு நாடு தயங்கியபோது, ‘கட்டு அல்லது விடு’ என்று மற்ற நாடு கூறவில்லை. இரண்டும் வடிவமைப்பை மாற்றிச் செலவைக் குறைக்கும் வழியைத் தேடின. அதனால்தான் திட்டம் உயிர் பிழைத்தது.

செலவையும் பொறுப்பையும் பகிரும் முறை

ஆர்.டி.எஸ். திட்டத்தில் பொறுப்புகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

முதலாவது, கட்டுமானம். ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் வரும் தூண்கள், பாலம், நிலையம் ஆகியவற்றைத் தன் செலவிலேயே கட்டுகிறது. மலேசியாவின் பகுதியை எம்.ஆர்.டி. நிறுவனத்தின் துணை நிறுவனமும், சிங்கப்பூரின் பகுதியை அந்நாட்டு நிலப் போக்குவரத்து ஆணையமும் மேற்கொள்கின்றன. நீரிணையின் நடுவே, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 25 மீட்டர் உயரத்தில், இரு பகுதிகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரு தரப்பின் அளவு சற்றுத் தவறினாலும் பாலம் இணையாது. 2024 ஜனவரி 11ஆம் நாள் அந்த இணைப்பு இரு நாட்டுப் பிரதமர்கள் முன்னிலையில் நிறைவேறியது.

இரண்டாவது, இயக்கம். இரயிலை இரு நாடுகளும் தனித்தனியே ஓட்ட முடியாது. ஆகவே, மலேசியாவின் பிராசரானா நிறுவனமும் சிங்கப்பூரின் எஸ்.எம்.ஆர்.டி. நிறுவனமும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனத்தை அமைத்துள்ளன. முதற்கட்டமாக 30 ஆண்டுகளுக்கு இரயில் சேவையை நடத்தும் உரிமை அதற்கு வழங்கப்பட்டுள்ளது. இரயில்கள், சமிக்ஞைக் கருவிகள் போன்றவற்றை அந்நிறுவனமே வாங்கிப் பராமரிக்கிறது. பயணிகளிடமிருந்து கட்டணம் பெறும். பாதையைப் பயன்படுத்துவதற்காக இரு நாடுகளுக்கும் உரிமக் கட்டணம் செலுத்தும்.

மூன்றாவது, எல்லைச் சோதனை. குடிநுழைவுத் துறை, சுங்கத் துறை ஆகிய இரு சோதனைகளும், இரு நாடுகளுக்கும் உரியவை, புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும். புக்கிட் சாகாரில் ஏறுபவர் அங்கேயே சிங்கப்பூர் அதிகாரிகளின் சோதனையையும் முடித்துக்கொள்வார். உட்லண்ட்ஸில் இறங்கியதும் நேரே வெளியேறலாம். ஒரு நாட்டு அதிகாரிகள் மற்றொரு நாட்டு மண்ணில் பணியாற்ற இருவரும் இசைவது எளிதன்று. அதற்குத் தனிச் சட்டங்களும் ஆழ்ந்த நம்பிக்கையும் வேண்டும்.

இவ்வளவு உழைப்பின் பயன் என்ன? பயண நேரம் ஏறத்தாழ ஐந்து நிமிடம். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு திசையிலும் 10,000 பேர் வரை செல்லலாம். உச்ச நேரத்தில் 3.6 நிமிடத்திற்கு ஓர் இரயில் என்று கணக்கிட்டால், ஓர் இரயிலில் ஏறத்தாழ 600 பேர் பயணம் செய்ய முடியும். 2027 ஜனவரிக்குள் சேவையைத் தொடங்குவது இரு நாடுகளின் இலக்கு.

கைகூடாத அதிவேக இரயில்

எல்லாத் திட்டங்களும் இவ்வாறு கரையேறுவதில்லை. கோலாலம்பூரையும் சிங்கப்பூரையும் 90 நிமிடத்தில் இணைக்கும் அதிவேக இரயில் திட்டத்திற்கு 2016 டிசம்பர் 13ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளப் பாதையில் எட்டு நிலையங்கள். அவற்றுள் ஏழு மலேசியாவில், ஒன்று சிங்கப்பூரில். 2018ஆம் ஆண்டில் அதுவும் ஒத்திவைக்கப்பட்டது. செலவைக் குறைக்க மலேசியா சில மாற்றங்களை முன்வைத்தது. இரயில்களையும் கருவிகளையும் வாங்கிப் பராமரிக்க இரு நாடுகளும் சேர்ந்து நியமிக்கவிருந்த பொது நிறுவனத்தை நீக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. எந்த நாட்டுக்கும் சாயாமல் நடுநிலையாக இயங்க அப்படியொரு நிறுவனம் தேவை என்று சிங்கப்பூர் கருதியது. உடன்பாடு ஏற்படவில்லை. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. சிங்கப்பூர் அதுவரை செய்த செலவுக்கு ஈடாக மலேசியா 102 மில்லியனுக்கும் அதிகமான சிங்கப்பூர் வெள்ளியைச் செலுத்தியது.

ஒரே காலத்தில், அதே இரு நாடுகளுக்கிடையே நடந்த இரண்டு பேச்சுவார்த்தைகள். ஒன்று வென்றது, மற்றொன்று தோற்றது. ஆர்.டி.எஸ். குறுகிய பாதை; அதில் செய்த மாற்றங்கள் இரயிலின் வகையையும் பணிமனையின் இடத்தையும் பற்றியவை; கூட்டு நிறுவனமே இயக்கும் என்ற அடிப்படை மாறவில்லை. அதிவேக இரயிலிலோ, பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்ற அடிப்படையிலேயே கருத்து வேறுபட்டது. பணத்தைவிட நம்பிக்கையைப் பங்கிடுவது கடினம் என்பதை இது காட்டுகிறது.

உலகில் வேறு வழிகள்

டென்மார்க்கும் சுவீடனும் 2000ஆம் ஆண்டில் திறந்த ஓரசுண்ட் பாலம் மற்றொரு முறையைக் காட்டுகிறது. அதன் உரிமையாளர்கள் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கேற்ற ஒரு நிறுவனம். அது கடன் வாங்கிப் பாலத்தைக் கட்டியது. கடனுக்கு இரு அரசுகளும் பிணை நின்றன. பாலத்தைப் பயன்படுத்துவோர் செலுத்தும் கட்டணத்திலிருந்து கடன் அடைக்கப்படுகிறது. தாய்லாந்தையும் லாவோஸையும் 1994ஆம் ஆண்டில் இணைத்த முதல் நட்புறவுப் பாலத்திற்கு ஆஸ்திரேலியா நிதியளித்தது. வசதி குறைந்த நாடுகளுக்கு இத்தகைய உதவி பெரிதும் கைகொடுக்கிறது.

ஆசியான் நாடுகளும் பெருங்கனவு ஒன்றைக் காண்கின்றன. சிங்கப்பூரிலிருந்து சீனாவின் குன்மிங் வரை இரயில் பாதை அமைக்கும் எண்ணம் 1995ஆம் ஆண்டு ஆசியான் உச்சநிலை மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. 2021 டிசம்பரில் லாவோஸ்-சீன இரயில் பாதை திறக்கப்பட்டதால் அதன் வடபகுதி நனவாகியுள்ளது. வேறு சில இடங்களில் இன்னும் இடைவெளிகள் உள்ளன. ஒரு நாடு தன் பகுதியைக் கட்டாவிட்டால் மற்றவர் கட்டிய பாதையின் முழுப் பயனும் கிடைக்காது.

நமக்கு இதில் என்ன பங்கு?

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்தது. ஏரி, கால்வாய் ஆகியவற்றின் நீரால் பயன்பெறும் குடும்பங்கள் தத்தம் பங்குக்கு உழைப்பையோ பொருளையோ தந்து அவற்றைச் செப்பனிட்டன. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பதும் இதுதான். இரண்டு நாடுகள் சேர்ந்து பாலம் கட்டும்போதும் அதே நெறிதான் பின்பற்றப்படுகிறது: பயன் பெறுபவர் பங்கு தர வேண்டும், பங்கு தந்தவரின் குரலுக்கு மதிப்பளிக்க வேண்டும்.

அதே வேளையில், ஆர்.டி.எஸ். இரயில் மாசாய்க்கு வராது என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். புக்கிட் சாகார் நிலையத்தை அடைய நம் மக்களுக்கு நம்பகமான பேருந்துகளும் நெரிசல் குறைந்த சாலைகளும் வேண்டும். இல்லாவிட்டால், ஐந்து நிமிட இரயில் பயணத்திற்காக ஒரு மணி நேரம் சாலையில் காத்திருக்க நேரிடும். மாநில அரசும் ஊராட்சி மன்றமும் இந்தக் கடைசிப் பகுதியைத் திட்டமிடும்போது, எந்த நேரத்தில் பேருந்து தேவை, எந்தத் தாமானில் நிறுத்தம் தேவை என்பதை அங்கு வாழ்பவரே நன்கு அறிவர். அத்தகைய தேவைகளை எழுத்தில் எடுத்துரைக்கத் தெரிந்த இளைஞர்கள் நம்மிடையே இருந்தால், அடுத்த பாதையைத் திட்டமிடும் மேசையில் மாசாயின் குரலும் ஒலிக்கும்.