தையல் யந்திரக் கம்பெனி செய்த துப்பாக்கி!

'சிங்கர்' தையல் யந்திரத்தின் கடகட ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் அநேகர். அதே சிங்கர் கம்பெனி கைத்துப்பாக்கியும் செய்தது என்றால் நம்புவீர்களா?

செய்தது! அமெரிக்க ராணுவம் 1940-ல் கேட்டதற்கு இணங்கி, 500 பிஸ்டல்கள் செய்து கொடுத்தது. அவற்றில் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால், ஒரு லட்சம் டாலருக்கு மேலும் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது.

அந்தப் பிஸ்டலின் பெயர் 'எம் 1911'. அதை வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங் என்ற நிபுணர். 1911 மார்ச்சில் நடந்த பரீட்சையில் 6,000 குண்டுகள் சுடப்பட்டும் அது ஒரு தடவைகூடச் சிக்கிக்கொள்ளவில்லை. 1985-ல் இத்தாலியப் பெரெட்டா பிஸ்டல் அதன் இடத்துக்குத் தேர்வாகும் வரை, இரண்டு உலக யுத்தங்களிலும், கொரியாவிலும், வியட்நாமிலும் அமெரிக்க வீரர்களின் இடுப்பில் தொங்கியது அதுதான்.

இரண்டாவது உலக யுத்தத்தில் தேவை பெருகவே, டைப்ரைட்டர் வியாபாரத்தில் பேர்பெற்ற ரெமிங்டன் ராண்ட் கம்பெனி 8 லட்சத்துக்கு மேல் செய்து கொடுத்தது. ரயில்வே சிக்னல் செய்துவந்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் கம்பெனி சுமார் 55,000 செய்தது. பழைய பிஸ்டல் சேகரிப்போர் தேடுவது இந்தப் பெயர்களையும், பிஸ்டலின் உடலில் பொறித்த எண்ணையுந்தான்.

பழசானாலும் துப்பாக்கிதான்

பழம்பொருளுக்குச் சட்டம் எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவின் 1968-ம் வருஷத்துத் துப்பாக்கிச் சட்டத்தில், 1898 வரை செய்யப்பட்டவற்றுக்கே புராதனச் சலுகை. நமது பிஸ்டலுக்கு அது கிடையாது.

ஆனால் 50 வயது கடந்து, மூல உருவம் கெடாத துப்பாக்கிகளைச் சேகரிக்க மத்திய சர்க்கார் தனி லைசென்ஸ் தருகிறது. மூன்று ஆண்டுக்குக் கட்டணம் 30 டாலர். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்த லைசென்ஸ் உள்ளவர் வெளி மாநிலத்திலிருந்தும் நேரே தம் பெயருக்கு வரவழைத்துக்கொள்ளலாம். வாங்கியதையும் விற்றதையும் எண்ணோடு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். இதையே வியாபாரமாக நடத்தக் கூடாது. மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையானால், அதற்கும் அடங்க வேண்டும்.

கிடங்கிலிருந்து வீட்டுக்கு

ராணுவக் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த எம் 1911-களைப் பொதுமக்களுக்கு விற்க வழி செய்யும் சட்டம் 2015-ல் வந்தது. விற்பனையை ஏற்ற அமைப்பு, குடிமக்களுக்குக் குறிசுடும் பயிற்சி அளித்துவரும் லாப நோக்கற்ற நிறுவனம். 2018-ல் விண்ணப்பங்கள் பெறப்பட்டு, குலுக்கல் போன்ற முறையில் வரிசை எண் தரப்பட்டது. அப்போது ஆளுக்கு ஒன்றுதான்! வாங்குபவரின் பூர்வோத்தரம் இரண்டு தடவை பரிசீலிக்கப்பட்டது: விற்கும் நிறுவனம் ஒரு தடவை, லைசென்ஸ் பெற்ற உள்ளூர் வியாபாரி மறு தடவை. பிஸ்டலும் அந்த வியாபாரியிடமே போய்ச் சேர்ந்தது.

ராணுவ ஆயுதத்தைச் சர்க்காரே ஊருக்குள் அனுப்பலாமா என்று ஆட்சேபித்தவர்கள் உண்டு. அவர்களுடைய கவலை வீணல்ல. அலமாரியில் அழகுக்கு இருந்தாலும் அது இன்றும் சுடும். திருட்டுப் போனால் உயிரை வாங்கும். உருக்கிவிட்டால் சரித்திரச் சின்னம் அழிந்துபோகும் என்பது மறு தரப்பின் வாதம். இரண்டு தரப்புக்கும் நடுவே காவல் நிற்பது அந்தச் சிறிய எண்தான்.

எண்ணை அராவி அழித்த துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பது அங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். நல்ல சேகரிப்பாளரும் அதைத் தொடமாட்டார். போலீஸுக்கு அந்த எண் தடயம். சேகரிப்பவருக்கோ அதுவே பிஸ்டலின் ஜாதகம்!