மறந்துபோன ஆட்டங்கள் – 7: தவளையிடம் தோற்ற வீரர்கள்

வாள்வீரன், மதகுரு, மந்திரவாதி, திருடன், வில்லாளி என ஐந்து பேர். ஊரார் நடுங்கும் பாழடைந்த அகழிக்கோட்டையைத் தேடி இந்தப் படை கிளம்புகிறது. கோட்டை வாசலில் பூதம் இல்லை, அரக்கன் இல்லை. ராட்சதத் தவளைகள்தான் இருக்கின்றன. அதில் ஒன்று நாக்கை நீட்டுகிறது. அடுத்த கணம் படையில் ஒருவர் அதன் வயிற்றுக்குள். முதல் படிநிலையில் இருக்கும் மந்திரவாதிக்கு நாலைந்து உயிர்ப்புள்ளிகள் மிஞ்சினால் அதிகம். 2003-ல் ‘தி டெம்பிள் ஆஃப் எலிமென்டல் ஈவில்’ வாங்கிய பலருடைய முதல் சாகசம் இந்தத் தவளைகளிடமே முடிந்துபோனது. உலகத்தைக் காப்பாற்ற வந்தவர்கள் குட்டைக்கரையில் செத்துக் கிடந்தார்கள்.

சென்ற வாரம் ‘ஃபால்அவுட்’ பார்த்தோம். 1997-ல் அது வெளிவந்த கையோடு அதை உருவாக்கியவர்களில் மூவர், டிம் கெய்ன், லியோனார்ட் பயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன், இன்டர்பிளேயை விட்டு வெளியேறி கலிபோர்னியாவில் ட்ரொய்கா கேம்ஸைத் தொடங்கினார்கள். அந்த நிறுவனம் செய்தது மொத்தம் மூன்றே ஆட்டங்கள். முதலாவதான ‘ஆர்கேனம்’ (2001) பற்றி இன்றும் பேசுகிறார்கள். மூன்றாவதான ‘பிளட்லைன்ஸ்’ (2004) தெய்வ அந்தஸ்துக்குப் போய்விட்டது. நடுவில் பிறந்த பிள்ளையான இந்தத் தவளை ஆட்டத்தைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

அந்த நடுப்பிள்ளையின் பூர்வீகம் கணினியில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற மேசை ஆட்டத்தை டேவ் ஆர்னெசனோடு சேர்ந்து 1974-ல் வெளியிட்ட கேரி கைகாக்ஸ், 1979-ல் ‘ஹொம்லெட் கிராமம்’ என்றொரு சிறு சாகசப் புத்தகம் எழுதினார். அந்தக் கிராமத்துக்கு அருகிலுள்ள தீய கோயிலின் கதை அடுத்து வரும் என்றார்கள். வந்தது 1985-ல். அதுவும் ஃபிராங்க் மென்ட்சர் துணைக்கு வந்து முடித்துக்கொடுத்த பிறகு. மண், நீர், காற்று, நெருப்பு என நான்கு பூதங்களின் பெயரால் நான்கு கோஷ்டிகள் கோயிலின் நிலவறைகளில் குடியிருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை. அவற்றுக்கும் கீழே, காளான்களின் அரக்கியான ஸக்ட்மாய் சிறையில் கிடக்கிறாள்.

டிம் கெய்ன் தலைமையிலான குழு இதைக் கணினிக்குக் கொண்டுவர முனைந்தபோது சந்தையின் காற்று வேறு பக்கம் வீசிக்கொண்டிருந்தது. ‘டயாப்லோ’ போலக் கிளிக் கிளிக்கென்று தட்டித் தீர்ப்பது ஒரு வகை. ‘பால்டர்ஸ் கேட்’ போலச் சண்டையைத் தானாக ஓடவிட்டு, வேண்டும்போது நிறுத்தி உத்தரவிடுவது இன்னொரு வகை. ஆளுக்கொரு முறை எடுத்து, யோசித்து ஆடும் ‘டர்ன் பேஸ்டு’ முறை காலாவதியான சரக்கு என்று பதிப்பாளர்கள் நினைத்த காலம் அது. ட்ரொய்கா அந்தப் பழைய முறையையே கையில் எடுத்தது. மேசை ஆட்டத்தின் 3.5 பதிப்பு விதிகள் அச்சில் வந்தது 2003 ஜூலையில். ஆட்டம் கடைக்கு வந்தது செப்டம்பரில். ஆனாலும் அந்த விதிகளைப் புத்தகத்தில் உள்ளபடியே கணினிக்குள் இறக்கியிருந்தார்கள்.

அதனால் என்ன லாபம்? ஒரு சண்டையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்.

வாள்வீரன் கையில் ‘கீஸார்ம்’ என்ற கொக்கி ஈட்டியைக் கொடுக்கலாம். அதன் வீச்சு பத்தடி. எதிரி அவனை நெருங்க வேண்டுமானால் அந்தப் பத்தடி வட்டத்துக்குள் நுழைந்து கடக்க வேண்டும். கடக்கும்போதே இலவசமாக ஒரு குத்து. மீறி மூக்குக்கு நேரே வந்து நின்றுவிட்டால், நீண்ட ஈட்டியால் அவனை ஒன்றும் செய்ய முடியாது. விதிப்படி ஐந்தடி மட்டும் பின்வாங்கினால் எதிரிக்கு இலவச வெட்டு கிடைக்காது. எனவே நம் ஆள் அந்த ஐந்தடி பின்னால் நகர்ந்து, கொக்கியைக் காலில் மாட்டி இழுக்கிறான். எதிரி மல்லாந்து விழுகிறான். விழுந்தவனை மற்றவர்கள் சுலபமாக வெட்டலாம். அவன் எழுந்திருக்க முயன்றால் சுற்றி நிற்பவர்களுக்கெல்லாம் இன்னோர் இலவச வெட்டு. ஒற்றை ஈட்டி, ஐந்தடி இடம், ஓர் ஆளின் கதை முடிந்தது.

இடம்தான் இங்கே எல்லாம். எட்டுக் கொள்ளையர்கள் பாய்ந்து வந்தால் திறந்தவெளியில் நின்று சமாளிப்பது நடக்காத காரியம். கதவு நிலையில் கவசக்காரர்கள் இருவரை நிறுத்திவிட்டால் கதையே வேறு. ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் புலியை மூலையில் அடைப்பது போல, வலு குறைந்தவர்கள் வழியை மறித்தே ஜெயிக்கலாம். பின்னால் இருக்கும் மந்திரவாதி உறக்க மந்திரத்தை வீசுவார். உறங்கி விழுந்தவனின் கழுத்தை ஒரே வெட்டில் முடிப்பதற்கும் தனி விதி உண்டு. கொடூரம்தான். முதல் படிநிலையில் இரக்கம் பார்த்தால் பிழைக்க முடியாது. நெருப்புருண்டை மந்திரம் கைக்கு வந்த பிறகு பிரச்சினை தலைகீழாகிவிடும். அதன் வட்டத்துக்குள் நிற்பவன் நண்பனா எதிரியா என்று நெருப்பு பார்ப்பதில்லை.

கெட்டிக்காரத்தனம் இன்னும் இருக்கிறது. தன் முறையில் அடிக்காமல் காத்திருக்கலாம். ‘எதிரி மந்திரம் ஓத ஆரம்பித்தால் அம்பை விடு’ என்று வில்லாளிக்குச் சொல்லிவைக்கலாம். அவன் வாயைத் திறந்ததும் அம்பு பாயும், மந்திரம் கலையும். இருபது ஆண்டு கழித்து, 2023-ல் வந்து விருதுகளை அள்ளிய ‘பால்டர்ஸ் கேட் 3’-லும் இந்த வசதி இல்லை. சண்டையை மட்டும் பேசுவதென்றால், அந்தக் கோடீஸ்வரத் தம்பியைவிட இந்த ஏழை அண்ணனுக்கு நுணுக்கம் கூடுதல்.

சரி, இவ்வளவு நல்ல சரக்கு ஏன் விலைபோகவில்லை?

முதல் காரணம் பிழைகள். ஆட்டம் திடீரென நின்றுபோகும். கூட்டம் சேர்ந்தால் ஆமையாக நகரும். சில திறன்கள் எழுதியபடி வேலை செய்யாது. உருவாக்க இரண்டு ஆண்டுகூட முழுதாகக் கிடைக்காத ஆட்டம் அது. வெளியிட்டது அடாரி. பின்னால் வந்த பேட்ச்கள் கொஞ்சம் சரிசெய்தன, கொஞ்சத்தை அப்படியே விட்டன.

பிழைகளை மன்னித்தாலும் கதையை மன்னிப்பது கடினம். ஹொம்லெட் கிராமத்துக்குள் நுழைந்ததும் வீரர்களுக்குக் கிடைப்பவை எடுபிடி வேலைகள். இவரிடம் போய் அதைச் சொல், அவரிடமிருந்து இதை வாங்கி வா, இந்தப் பையனுக்குப் பெண் பார். முதல் சில மணி நேரம் வாள் உறையிலேயே தூங்கும். ‘ஃபால்அவுட்’டில் அவ்வளவு கூர்மையான வசனம் தந்தவர்கள் இங்கே ஏனோதானோ என்று எழுதியிருக்கிறார்கள். படையின் குணம் நல்லதா, தீயதா, சட்டத்துக்குக் கட்டுப்பட்டதா என்பதைப் பொறுத்து ஒன்பது விதமான தொடக்கங்கள் வைத்தது அருமையான யோசனை. ஆனால் பத்து நிமிடத்தில் ஒன்பதும் ஒரே பாதையில் வந்து சேர்ந்துவிடுகின்றன. நான்கு பூதங்களின் தனி உலகங்களும் அவசரத்தில் வரைந்து முடித்தவை போலவே இருக்கின்றன. கூடவே, கூட்டாளியாகச் சேரும் உள்ளூர்க்காரர்கள் புதையலில் பங்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு திருப்பித் தருவதே இல்லை. இதுவரை எந்த அரக்கன்மீதும் வராத கோபம் அவர்கள்மீது வரும்.

காலமும் ஒத்துழைக்கவில்லை. அதே 2003-ல் பயோவேரின் ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக்’ வந்தது. ஸ்டார் வார்ஸ் உலகம், சினிமாத்தனமான கதை, மறக்க முடியாத திருப்பம். விமர்சகர்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. 2005 பிப்ரவரியில் ட்ரொய்காவே இழுத்து மூடப்பட்டது. பழுதுபார்க்கவும் ஆள் இல்லை.

அந்த வேலையை ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘சர்க்கிள் ஆஃப் எயிட்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட குழு பல ஆண்டுகள் உட்கார்ந்து பிழைகளைக் களைந்தது. வெளியீட்டுக்கு முன் வெட்டி எறியப்பட்ட குழந்தைப் பாத்திரங்களையும், நல்ப் என்ற கடற்கொள்ளையர் ஊரின் விலைமாதர் விடுதியையும் மீட்டு உள்ளே வைத்தது. பத்தாம் படிநிலையோடு நின்ற வளர்ச்சியை இருபது வரை நீட்டியது. அதன்பின் ‘டெம்பிள் பிளஸ்’ என்ற இன்னொரு ரசிகர் முயற்சி எஞ்சினுக்குள்ளேயே கைவைத்து, ஓட்டத்தைச் சீராக்கி, புதிய வீரர் வகைகளையும் சேர்த்தது. சம்பளம் வாங்கியவர்கள் விட்டதைச் சம்பளம் வாங்காதவர்கள் முடித்திருக்கிறார்கள்.

இன்று ஆட நினைப்பவர்களுக்கு வழி எளிது. ‘ஜிஓஜி’ இணையக் கடையில் ஆட்டம் கிடைக்கிறது. பழைய கணினியே போதும். ஆனால் வெறுமனே நிறுவி ஆட வேண்டாம். டெம்பிள் பிளஸைச் சேர்த்த பிறகே தொடங்குங்கள். கதைக்காக வருபவர்கள் ஏமாந்துபோவார்கள், அவர்களுக்கு ‘ஆர்கேனம்’ இருக்கிறது. சண்டைக்காக வருபவர்கள் முதல் ஆளாக ஒரு கொக்கி ஈட்டிக்காரனைப் படையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குப் போகுமுன் ஆட்டத்தை ஒரு முறை சேவ் செய்துகொள்ளுங்கள்.

அடுத்த வாரம்: ‘ஹாஃப்-லைஃப் 2’ வெளியான அதே நாளில், 2004 நவம்பர் 16 அன்று கடைக்கு வந்து நசுங்கிப்போன ‘பிளட்லைன்ஸ்’.