வீட்டுப் போனும் இன்டர்நெட்டும்



1876-ல் கிரகாம்பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். நெடுங்காலமாக இரண்டு தாமிரக் கம்பிகள்தான் நம் குரலைச் சுமந்து வந்தன. ஆனால் நம்ம குமரி மாவட்டத்தில் தாமிரத்துக்கு எப்பவும் கஷ்டகாலம்தான். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு ஜாயின்டில் களிம்பு ஏறும். ஐப்பசி மழையில் பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கினால் போனில் 'கரகர'ன்னு ஒரே சத்தம். இடி மின்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்போது பி.எஸ்.என்.எல். தன் லேண்ட்லைன்களைத் தாமிரத்திலிருந்து ஃபைபருக்கு மாற்றி வருகிறது. பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், பழைய போனையே மாட்டிக்கொள்ளலாம். குரல் மட்டும் இன்டர்நெட்டில் தகவல் போகிற அதே முறையில், பாக்கெட் பாக்கெட்டாகப் போகிறது. இது எப்படி நடக்கிறது? இதில் நமக்கு வந்தது என்ன, கைவிட்டுப் போனது என்ன? பார்ப்போம்.

எக்ஸ்சேஞ்ச் செய்து வந்த வேலை

பழைய போனுக்கென்று வீட்டில் தனி கரண்ட் கிடையாது. எக்ஸ்சேஞ்சில் உள்ள 48 வோல்ட் பாட்டரிதான் கம்பி வழியாக அதற்குச் சோறு போடுகிறது. ரிசீவரை எடுத்ததும் சுற்று மூடி, சுமார் 20 முதல் 40 மில்லி ஆம்பியர் ஓடும். அதை வைத்தே 'ஆள் போனை எடுத்தாச்சு' என்று எக்ஸ்சேஞ்ச் தெரிந்துகொண்டு டயல் டோன் கொடுக்கும். மணி அடிக்க 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் ஏ.சி. அனுப்பும்.

பாட்டரி கொடுப்பது, மின்னலிலிருந்து காப்பது, மணி அடிப்பது, போனைக் கண்காணிப்பது, குரலை எண்ணாக்குவது, இரு கம்பியை நாலு கம்பியாகப் பிரிப்பது, லைனைச் சோதிப்பது ஆகிய ஏழு வேலைகளைத்தான் நம் ஸ்விட்சிங் பாடத்தில் 'போர்ஷ்ட்' என்று மனப்பாடம் செய்கிறோம். பரீட்சைக்குப் படித்த இந்த ஒரு சொல்தான் இந்தக் கட்டுரைக்கே சாவி!

சின்னப் பெட்டி, பெரிய வேலை

இன்டர்நெட் வழியில் பேச வேண்டுமானால் இந்த வேலைகளை எக்ஸ்சேஞ்சுக்குப் பதிலாக வீட்டிலேயே ஒருவர் செய்தாக வேண்டும். ஃபைபர் இணைப்பில் அதைச் செய்வது ஓ.என்.டி. என்ற பெட்டி. அதன் பின்பக்கம் ஆர்.ஜே.11 துளை ஒன்று இருக்கும். பழைய போனின் வயரை அதில் செருகினால் போதும். ஏற்கனவே பிராட்பேண்ட் உள்ள இடத்தில் தனியாக வாங்கி மாட்டுகிற பெட்டிக்கு ஏ.டி.ஏ. என்று பெயர். இரண்டுக்குள்ளும் நடப்பது ஒன்றுதான்.

அடாப்டரிலிருந்து வரும் 12 வோல்ட்டை உள்ளே ஒரு சிப் உயர்த்தி லைன் வோல்டேஜையும் மணி வோல்டேஜையும் உண்டாக்குகிறது. குரலை விநாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதுகிறது. ஆக 64 கிலோபிட். இதை 20 மில்லி விநாடிக்கு ஒரு கட்டாகக் கட்டினால் கட்டுக்கு 160 பைட். முகவரி எழுதும் தலைப்புகளுக்கு இன்னொரு 40 பைட். விநாடிக்கு 50 கட்டு வீதம் கணக்குப் போட்டால் 80 கிலோபிட் வருகிறது. ஈதர்நெட் தலைப்பு இதில் சேரவில்லை. ஜி.729 என்ற சுருக்கு முறையில் குரல் 8 கிலோபிட்டுக்கு இறங்கும். ஆனால் ஃபேக்ஸ் மெஷின் இருந்தால் அந்தச் சுருக்கு ஆகாது, பக்கம் பாழாகிவிடும்.

கட்டுகள் சீராக வந்து சேருமா? வடசேரியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் புறப்பட்டாலும், தக்கலை நெரிசலில் மாட்டி மார்த்தாண்டத்துக்கு மூன்று பஸ் ஒன்றாக வருவதில்லையா? அதே கதைதான். அதனால் பெட்டி கொஞ்சம் கட்டுகளைச் சேர்த்து வைத்து, பிறகு ஒரே சீராக வெளியிடும். காத்திருப்பு அதிகமானால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள். ஒரு திசைத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

டயல் சுற்றுகிற போன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டன் போனில் '5' அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் சேர்ந்து போகும். சுற்று டயலோ லைனை ஐந்து தடவை துண்டித்துக் காட்டும். பல பெட்டிகளுக்கு இந்தப் பழைய பாஷை புரியாது. மணி அடிக்கும், பேசலாம், நம்பர் மட்டும் போகாது!

எஸ்.ஸா, ஓ.வா?

பெட்டியில் எஃப்.எக்ஸ்.எஸ். என்ற துளை போனுக்கு. அது கரண்ட் கொடுக்கும். எஃப்.எக்ஸ்.ஓ. என்பது எக்ஸ்சேஞ்ச் லைனுக்கு. அது கரண்ட் வாங்கும். உயிருள்ள லைனை எஃப்.எக்ஸ்.எஸ்.ஸில் செருகினால், இரண்டு பக்கமும் வோல்டேஜ் மோதி பெட்டி புகைந்துவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. இந்தியாவில் 2002 ஏப்ரல் 1 முதல் இன்டர்நெட் போன் கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கப்பட்டது. வெளிநாட்டு அழைப்பை நெட்டில் வாங்கி உள்ளூர் லைனில் இறக்கிவிடும் வேலையை லைசென்ஸ் இல்லாமல் செய்வது குற்றம். 'கல்ஃப் கால், நல்ல காசு' என்று யாராவது ஆசை காட்டினால் விலகிவிடுங்கள் மக்கா!

கரண்ட் போனால்?

புதுப்பெட்டி மாட்டும் வீட்டில் வயசான பாட்டா ஒருத்தர் கட்டாயம் கேட்பார்: "எல மக்கா, கரண்டு போனா இது பேசுமாடே?" இதற்கு நேர்மையான பதில்: "பேசாது பாட்டா, தனியா ஒரு பாட்டரி வச்சாத்தான் பேசும்."

2017 நவம்பர் 30-ஐ நம்மில் யார் மறக்க முடியும்? ஒக்கிப் புயலில் ரப்பரும் வாழையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. பல கிராமங்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் டவர்களும் ஓய்ந்தன. கடலுக்குப் போனவர்களின் சேதிக்காகக் கரையில் காத்திருந்த குடும்பங்களுக்கு ஒரு போன் என்ன மதிப்பு என்று எண்ணிப் பாருங்கள். மரம் விழுந்து கம்பி அறுந்தால் பழைய போனும் ஊமைதான். ஆனால் கம்பி அறாத வீட்டில், எக்ஸ்சேஞ்ச் பாட்டரி தாங்கும்வரை அது பேசும். ஃபைபர் வெறும் கண்ணாடி. மின்னல் அதில் ஓடாது, உப்பு அரிக்காது. ஆனால் 48 வோல்ட்டும் அதில் வராது. அதுதான் நாம் இழந்தது.

பிரிட்டனிலும் தாமிர போன் சேவையை முடித்துக்கொண்டு வருகிறார்கள். அங்கே லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவருக்கு, கரண்ட் போன பிறகும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்புக்கு வழி செய்ய வேண்டும் என்பது விதி. ஒக்கியைப் பார்த்த நமக்கு ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு?

நம் கையில் உள்ள வேலை

அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அதிகபட்சம் 12 வாட். 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பாட்டரியில் 84 வாட்-அவர். ஏட்டுக் கணக்கில் 7 மணி நேரம். பாட்டரியை அடிமட்டம்வரை இறக்கக்கூடாது, பழசானால் கொள்ளளவும் குறையும் என்பதால் பாதியாக வைத்தால் மூன்றரை மணி. வைஃபையை அணைத்தால் இன்னும் கொஞ்சம் நீளும். பாட்டரியை நேரடியாகக் கொடுக்காதீர்கள், சார்ஜாகும்போது 13.8 வோல்ட்டுக்கு ஏறும். சீரான 12 வோல்ட் தரும் டி.சி. யூ.பி.எஸ். மூலமே கொடுக்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியின் பிளக்கை அந்த லைனில் போட்டாலே போதும்.

வீட்டில் பாட்டரி வைத்தால் மட்டும் ஆச்சா? ஃபைபரைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு கரண்ட் தேவையில்லை. ஆனால் மறுமுனையில் உள்ள ஓ.எல்.டி.க்குத் தேவை. அங்கே பாட்டரி, ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று இணைப்பு வாங்கும்போதே கேட்க வேண்டும்.

டிப்ளமா முடித்து இந்தப் பெட்டிகளை வீடு வீடாக மாட்டப்போவது நம்மில் பலர்தான். டயல் டோன் கேட்டதும் 'வேலை முடிஞ்சாச்சு' என்று கையெழுத்து வாங்கிக் கிளம்பிவிடாமல், வீட்டு மெயின் ஸ்விட்சை ஒரு தடவை அணைத்துவிட்டு மறுபடி ரிசீவரை எடுத்துப் பாருங்கள். அப்போதும் டோன் கேட்டால்தான் வேலை முடிந்தது!