சிகிச்சை முடிந்தது... பயம் முடியவில்லையே!

"கரண்ட் வைக்கிறதெல்லாம் முடிஞ்சாச்சும்மா. இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினா போதும்."

டாக்டர் இப்படிச் சொன்னதும் கூட வந்த மகன் முகத்தில் சந்தோஷம். மயிலாப்பூர் திரும்பியதும் கபாலீஸ்வரருக்கு அர்ச்சனை, அக்கம்பக்கத்துக்கு ஸ்வீட். அம்மாவுக்கு மட்டும் ராத்திரி தூக்கம் வரவில்லை. 'இவ்வளவு நாள் ஆஸ்பத்திரியில பார்த்துக்கிட்டாங்க. இனிமே?'

மார்பகப் புற்றுநோய் வந்த பல வீடுகளில் நடப்பதுதான் இது. ஆபரேஷன், கீமோதெரபி, கதிர்வீச்சு என்று ஓடும்போது பயப்பட நேரமிருக்காது. ஓட்டம் நின்றதும்தான் மனசு கணக்குப் பார்க்கிறது.

ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்ற அமெரிக்க டாக்டருக்கே புற்றுநோய் வந்தது. மீண்ட பிறகு, 1985-ல் அவர் எழுதிய கட்டுரையில் இதை மூன்று பருவங்களாகப் பிரித்தார். சிகிச்சை நடக்கும் பருவம். அது முடிந்து 'திரும்ப வருமோ' என்று காத்திருக்கும் பருவம். பயம் மெல்லப் பின்னுக்குப் போகும் பருவம். நம் மயிலாப்பூர் அம்மா இருப்பது இரண்டாவதில். வீட்டார் அவரை மூன்றாவதில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். சிக்கலே அங்கேதான்.

அடுத்து, 'எனக்கு ஏன் வந்தது?' போன ஜென்மத்துப் பாவமா, திருஷ்டியா, மனசுக்குள்ளேயே அடக்கி வைத்த துக்கமா? பெரும்பாலோருக்கு இன்னதுதான் காரணம் என்று டாக்டராலும் சொல்ல முடியாது. வேண்டுதல் ஆறுதல் தந்தால் தாராளமாகச் செய்யுங்கள். பழியை மட்டும் உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். 'தைரியமா இருந்தா திரும்ப வராது' என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பயந்ததால் நோய் திரும்பும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அழுகை வந்தால் அழலாம்!

பதில் கிடைக்காத அந்தக் கேள்வியைச் சிலர் வேலையாக மாற்றிக்கொள்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கம்தான் 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டாக எழுந்தது. மறு வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும்வரை அதையே வீடாக்கிக்கொண்டார்.

எல்லோரும் ஆஸ்பத்திரி கட்ட முடியுமா என்ன? கீமோவுக்கு வந்து மிரண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், "எனக்கும் கொட்டிச்சு, இப்ப பாரு" என்று பின்னலைக் காட்டுவதும் பெரிய வைத்தியம்தான். 'அந்தப் பேச்சே வேண்டாம், தி.நகர் போய் ஒரு புடவை எடுக்கணும்' என்று தோன்றினால் அதுவும் சரியே.

அசதி மாதக்கணக்கில் இருக்கலாம். சோம்பேறித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை வீங்கினாலோ சிவந்தாலோ உடனே காட்ட வேண்டும். 'அஞ்சு வருஷம் தாண்டியாச்சு' என்று செக்கப்பை விட்டுவிடாதீர்கள். சில வகை மார்பகப் புற்றுநோய் அதற்குப் பிறகும் திரும்பலாம். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக்கூடாது.

செக்கப்புக்கு முந்தைய வாரம்தான் பயம் உச்சத்தில் இருக்கும். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். யாரையாவது துணைக்குக் கூட்டிப்போங்கள். புதிதாகக் கட்டி, விடாத எலும்பு வலி, மூச்சுத்திணறல் இருந்தால் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் முன்னதாகவே போய்விடுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.