தக்காளி நாற்று இப்போ வாங்கலாமா? கோடைக்கு முன் மாடித்தோட்டத்தில் எதை நடணும், எதைத் தவிர்க்கணும்? முழு விளக்கம்

பிப்ரவரி பிறந்துவிட்டால் நர்சரிகளில் கூட்டம் கூடிவிடும். வெயில் இன்னும் ஏறவில்லை, மாலையில் காற்று நன்றாக இருக்கிறது, மொட்டை மாடி சும்மா கிடக்கிறது. "இந்த வருஷமாவது ஒரு தோட்டம் போட்டுடணும்" என்று கிளம்புபவர்கள் பெரும்பாலும் வாங்கி வருவது தக்காளி நாற்று. கூடவே காலிஃபிளவர், கேரட், கொத்தமல்லி.

ஏப்ரல் கடைசியில் அதே மாடியில் காய்ந்த குச்சிகளும் காலி குரோ பேக்குகளும்தான் மிச்சம். "தினமும் தண்ணி ஊத்திட்டுத்தானே இருந்தேன், ஏன் காய்க்கல?" என்ற கேள்வியோடு பலர் தோட்டத்தையே விட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலும் தவறு தண்ணீரில் இல்லை. காயைத் தேர்வு செய்ததில்தான் இருக்கிறது. மாசி, பங்குனியில் எதை நட்டால் பிழைக்கும், எதை நட்டால் கருகும், ஏன்? பார்க்கலாம்.

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து நடலாமா?

'ஸ்பிரிங் கார்டன்' என்று தேடினால் வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்கா, இங்கிலாந்தில் எடுத்தவை. அங்கே குளிர்காலம் முடிந்து, கடைசி உறைபனி விலகியதும் தோட்டம் தொடங்கும். தக்காளி நட அங்கே அதுதான் சரியான நேரம். முன்னால் இருப்பது இதமான, நீளமான வெயில் காலம்.

நம் ஊரில் கதை நேர்மாறு. தமிழ்க் கணக்கில் மாசி, பங்குனி பின்பனிக் காலம். சித்திரை, வைகாசிதான் இளவேனில். பெயர் இளவேனில் என்றாலும், கத்தரி வெயில் எனப்படும் அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே 28 வரை கொளுத்துவது அந்த மாதங்களில்தான்.

அவர்கள் பனி முடியக் காத்திருக்கிறார்கள். நாம் வெயில் உச்சத்துக்குப் போவதற்குள் செடியை வேர் பிடிக்க வைக்க வேண்டும். அதனால் எந்தக் காயாக இருந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மே 4-ம் தேதி இந்தச் செடி எந்த நிலையில் இருக்கும்?

தக்காளி ஏன் வேண்டாம்?

ஒரு சின்னக் கணக்கு. மார்ச் 1-ம் தேதி தக்காளி விதை போட்டால், நாற்று தயாராக 25 முதல் 30 நாள் ஆகும். மார்ச் கடைசியில் பிடுங்கி நடுகிறோம். அதிலிருந்து சுமார் ஒரு மாதத்தில் பூ வரும். அதாவது ஏப்ரல் கடைசி. காய் பிடிக்க வேண்டிய நேரத்தில் கத்தரி தொடங்கிவிடும்.

தக்காளிக்குப் பகலில் 21 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை இதமானது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாமல் இருந்தால் மகரந்தம் வீரியம் இழக்கும். பூ பூக்கும், ஆனால் கருத்தரிக்காமல் உதிர்ந்துவிடும். சென்னையில் மே மாதத்தின் சராசரி குறைந்தபட்ச வெப்பநிலையே 27 டிகிரியை ஒட்டி இருக்கிறது. இரவிலும் செடிக்கு ஓய்வு இல்லை.

எவ்வளவு உரம் போட்டாலும், எத்தனை முறை தண்ணீர் ஊற்றினாலும் இந்தப் பூ நிற்காது. செடி பச்சையாக, உயரமாக வளரும். காய் மட்டும் வராது.

"வயலில் மாசியிலும் தக்காளி நடுகிறார்களே?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஓசூர் போன்ற மேட்டுநிலப் பகுதிகளின் வெப்பநிலை வேறு. வயல் மண் ஆழமானது, வேர் கீழே இறங்கிக் குளிர்ச்சியைத் தேடிக்கொள்ளும். மொட்டை மாடியில் மேலிருந்து வெயில், கீழிருந்து கான்கிரீட் சூடு, நடுவில் ஒரு அடி மண்.

தக்காளி மேல் ஆசை வருவதில் நியாயம் இருக்கிறது. 2023 ஜூலையில் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. ஆனால் அந்தத் தட்டுப்பாட்டை மாசியில் நடும் செடி சரிக்கட்டாது. மாடியில் தக்காளி வேண்டுமென்றால் மழைக்காலக் கடைசியில் விதை போட்டு, தை, மாசியில் பறிப்பதுதான் எளிது.

இப்போது தவிர்க்க வேண்டியவை

காலிஃபிளவர், முட்டைகோஸ், கேரட், பீட்ரூட், பீன்ஸ்: இவை குளிர்ச்சியை விரும்பும் காய்கள். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் தாராளமாகப் போடலாம். சமவெளியில் இப்போது வேண்டாம்.

கொத்தமல்லி: முளைக்கும். ஆனால் சூடு ஏறியதும் இலை விடுவதை நிறுத்திவிட்டுச் சட்டெனப் பூத்துவிடும். நிழல் உள்ள பால்கனி இருந்தால் மட்டும் முயற்சி செய்யலாம்.

சரி, எதை நடலாம்?

வெண்டை: கோடையின் முதல் தேர்வு இதுதான். வெண்டை விதைக்குச் சூடு இருந்தால்தான் முளைப்பே நன்றாக வரும். முந்தின இரவு ஊறவைத்து, நேரடியாகப் பையிலேயே ஒரு அங்குல ஆழத்துக்குள் ஊன்ற வேண்டும். 40 நாளுக்குள் பூ, 45 நாளில் முதல் காய். மார்ச் 1-ல் போட்டால் ஏப்ரல் நடுவில் சாம்பாருக்குக் காய் ரெடி.

கொத்தவரை: வறட்சியைத் தாங்கும். பெரிய கவனிப்பு கேட்காது. 50 முதல் 60 நாளில் பறிக்கலாம். முதல் முறை தோட்டம் போடுபவர்களுக்கு நம்பிக்கை தரும் செடி.

காராமணி: தட்டைப்பயறு என்றும் சொல்வார்கள். இதுவும் வெயிலுக்கு அசராது. கொடி ரகமா, குத்துச்செடி ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

கத்தரி, மிளகாய்: இவற்றை இப்போது விதையாகப் போட்டால் தாமதம். நாற்றாக வாங்கி, பிப்ரவரியிலேயே நட்டுவிட வேண்டும். மே மாதம் மிளகாயில் கொஞ்சம் பூ உதிரும். பயப்பட வேண்டாம், சூடு தணிந்ததும் மறுபடி காய்க்கும்.

கீரைகள்: முளைக்கீரை, சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். விதை மிகச் சிறியது என்பதால் மணலுடன் கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. கொடிப்பசலை, பொன்னாங்கண்ணியைத் தண்டு ஒடித்து நட்டாலே போதும், வளர்ந்துவிடும்.

பாகல், பீர்க்கு, புடலை, சுரை: மாசிக்குள் விதை போட்டுவிட வேண்டும். சித்திரை வரை தள்ளிப்போட்டால் ஒரு சிக்கல் உண்டு. சூடு அதிகமாகும்போது கொடியில் ஆண் பூக்கள் பெருகி, காய் தரும் பெண் பூக்கள் குறைந்துவிடும்.

"பூ மட்டும் வருது, காய் வரல" ஏன்?

கொடிக் காய்களில் அதிகம் வரும் புகார் இது. முதலில் வருவது ஆண் பூக்கள்தான். சில நாள் கழித்தே பெண் பூ வரும். பூவின் அடியில் குட்டிக் காய் போல ஒரு வீக்கம் இருந்தால் அது பெண் பூ.

உயர்ந்த மாடிகளுக்குத் தேனீ வருவது குறைவு. அப்போது நாமே ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடலாம். நேரம் முக்கியம். பாகல் பூ காலையில் மலரும். பீர்க்கு, சுரை பூக்கள் மாலையில்தான் விரியும். சுரைக்குக் காலை 10 மணிக்குப் போய் முயற்சி செய்து பயனில்லை.

எத்தனை செடி வேண்டும்?

ஒவ்வொரு காயிலும் ஒன்று வாங்குவதுதான் பலர் செய்யும் அடுத்த தவறு. ஒரு வெண்டைச் செடியில் இரண்டு நாளைக்கு ஒன்றிரண்டு காய்தான் கிடைக்கும். இரண்டு செடி வைத்தால் பொரியலுக்குச் சேர்வதற்குள் முதல் காய் முற்றிவிடும்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வெண்டை மட்டும் 8 முதல் 10 செடி வேண்டும். இடம் குறைவென்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம், வகையைக் குறையுங்கள். 15 பை இருந்தால் வெண்டை 8, கத்தரி 2, மிளகாய் 1, பாகல் அல்லது பீர்க்கு 2, கீரை 2. முதல் கோடைக்கு இது போதும்.

விதை, நாற்று வாங்கும்போது என்ன பார்க்கணும்?

விதை பாக்கெட்டின் பின்பக்கம் முளைப்புத்திறன் சதவீதம், பரிசோதனை தேதி, எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்பதெல்லாம் இருக்கும். தேதி முடிந்த பாக்கெட்டை "பாதி விலைக்குத் தர்றேன்" என்றாலும் வாங்க வேண்டாம்.

'எஃப்1' என்று போட்டிருந்தால் அது வீரிய ஒட்டு ரகம். காய்ப்பு நன்றாக இருக்கும், ஆனால் அதிலிருந்து விதை எடுத்து அடுத்த முறை போட்டால் அதே குணம் வராது. விதை சேமிக்க நினைப்பவர்கள் நாட்டு ரகத்தையோ, ஒட்டு அல்லாத மேம்படுத்திய ரகத்தையோ கேட்க வேண்டும்.

வெண்டையைக் கோடையில் பாடாய்ப்படுத்துவது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ மூலம் பரவும் வைரஸ் இது. இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிடும், மருந்து கிடையாது. பெங்களூரு இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா அனாமிகா' போன்ற ரகங்கள் இந்த நோயைத் தாங்க உருவாக்கப்பட்டவை. எந்த ரகமானாலும், நோய் வந்த செடியை உடனே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். பாவம் பார்த்தால் பக்கத்துச் செடிக்கும் பரவும்.

நாற்று வாங்கும்போது, பூவும் காயுமாக இருக்கும் செடி கண்ணைக் கவரும். சின்ன கவருக்குள் வேர் சுருண்டு நெருக்கிக் கிடக்கும் செடி அது, நட்டதும் வாடும். நான்கைந்து இலையோடு, தண்டு தடிமனாக, பூ வராத நாற்றே நல்லது.

பை, மண், எடை

வெண்டை, கத்தரிக்கு ஒரு அடி அகலம், ஒரு அடி உயரமுள்ள பை போதும். கொடிகளுக்கு இன்னும் பெரிது வேண்டும். வெளிப்பக்கம் வெள்ளை நிறமுள்ள பைகள் சூட்டைக் குறைவாக வாங்கும்.

கலவைக்கு இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம். கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து ஒருமுறை அலசிப் பிழிந்தால் உப்பு போகும். கலவையை ஒரு வாரம் ஈரமாக வைத்திருந்து பிறகு விதைக்கலாம்.

ஒரு அடிப் பை நனைந்த நிலையில் 15 கிலோவுக்கு மேல்கூட எடை வரும். எல்லாவற்றையும் மாடியின் நடுவில் குவிக்காமல், சுவரும் பீமும் உள்ள ஓரங்களில் வரிசையாக வைப்பது பாதுகாப்பு. தண்ணீர் தேங்காமல் வடிய, பைகளைச் செங்கல் அல்லது ஸ்டாண்ட் மேல் வையுங்கள். வாடகை வீடு என்றால் ஓனரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஏப்ரலுக்குப் பிறகு எப்படிக் காப்பாற்றுவது?

தண்ணீர்: காலை 8 மணிக்குள் ஒருமுறை. கத்தரி நாட்களில் மாலையிலும் ஒருமுறை. விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம். அதிகத் தண்ணீரில் வேர் அழுகினாலும் செடி வாடித்தான் தெரியும்.

மூடாக்கு: காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டை நார் என எது கிடைத்தாலும் மண் மேல் இரண்டு அங்குலம் பரப்புங்கள். ஈரம் சீக்கிரம் போகாது.

நிழல்வலை: ஏப்ரலில் கீரைகளுக்கு 50 சதவீத நிழல்வலை போதும். காய்ச் செடிகளுக்கு 35 சதவீதம். அதற்கு மேல் இருட்டினால் காய்ப்பு குறையும்.

பூச்சி: மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ மூன்றும் இலையின் அடிப்பக்கத்தில்தான் குடியேறும். வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும்.

பறிப்பு: வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். முற்ற விட்டால் செடி விதை கட்டுவதில் இறங்கிவிடும், புதுப் பூ குறையும்.

அரசு உதவி கிடைக்குமா?

பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதைகள், உயிர் உரங்கள் அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்பைத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கியிருக்கிறது. ஒதுக்கீடும் விலையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் பகுதி தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இருப்பைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மாசி தவறிவிட்டால்?

பங்குனி பாதி வரை வெண்டை, கொத்தவரை, காராமணி, கீரை போடலாம். அதுவும் தாண்டிவிட்டால் அவசரப்பட வேண்டாம். கீரையோடு நிறுத்திக்கொண்டு, பைகளில் கலவையை மக்க வையுங்கள். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சும்மா சொல்லவில்லை. வெயில் தணிந்து ஆடி பிறக்கும்போது மண் தயாராக இருந்தால், அந்தப் பட்டத்தில் கத்தரியும் மிளகாயும் அவரையும் தாராளமாக வரும்.

இந்த வாரம் நர்சரிக்குக் கிளம்பினால், தக்காளி நாற்று எடுக்கும் கையைக் கொஞ்சம் நிறுத்தி, வெண்டை விதை பாக்கெட்டின் பின்பக்கத் தேதியைப் பாருங்கள். முதல் கோடையில் பத்துச் செடி பிழைத்துவிட்டால், அடுத்த ஆண்டும் தோட்டம் இருக்கும்.